குப்பைமேட்டுக்கு வந்தவர்கள்

பனிக்கரடியை அதன் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று மகள் ஆரம்பித்தபோது, ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். "ஜூல பாத்தியே, போதாதா?" என்றேன். "அது கூண்டுக் கரடிப்பா. நான் சொல்றது காட்டுக் கரடி" என்றாள். கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் என்ற ஊரைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. வின்னிபெக்கிலிருந்து விமானம், இல்லையென்றால் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர், இரண்டு இரவு ரயில். அக்டோபர், நவம்பர்தான் சீசன். பனிக்கரடிக்கு சீல் பிடிக்க உறைந்த கடல் வேண்டும். கோடையில் பனி உருகிக் கரையேறினால், கடல் மறுபடி உறையும்வரை ஏறக்குறைய பட்டினிதான். சர்ச்சில் ஆற்றின் நன்னீர் கலப்பதால் அந்தப் பக்கம் கடல் சீக்கிரம் உறைகிறது. கரடிகள் அங்கே வந்து காத்திருக்கின்றன. அவற்றைப் பார்க்க நாம் வரிசையில் நிற்கிறோம். செலவைக் கூட்டிப் பார்த்தேன்; அந்தப் பணத்துக்குப் பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம்.

சாலையே இல்லாத ஊருக்கு ரயில் மட்டும் எப்படி வந்தது? இந்தக் கேள்விதான் என்னை வரலாற்றுக்குள் இழுத்துப் போட்டது.

சர்ச்சிலின் தொடக்கத்தில் ஒரு பெண் இருக்கிறார். தனடெல்தூர் என்ற டெனே பழங்குடிப் பெண். க்ரீ மக்களிடம் சிறைப்பட்டுத் தப்பி வந்தவர். 1715-ல் ஹட்சன்ஸ் பே கம்பெனிக்காக வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் போய், பகைகொண்டிருந்த அந்த இரு இனங்களுக்கும் இடையே சமாதானம் பேசினார். அந்தச் சமாதானத்தை நம்பித்தான், டெனே மக்களோடு தோல் வியாபாரம் செய்ய 1717-ல் கம்பெனி சர்ச்சிலில் கிடங்கு போட்டது. அதே வருடம் அவர் இறந்துபோனார். பிறகு கோதுமையைக் கப்பலேற்றுவதற்காக 1929-ல் தண்டவாளம் வந்தது, 1931-ல் துறைமுகம். 1942-ல் அமெரிக்க ராணுவம் முகாம் அமைத்தது. இன்று பயணிகளை ஏற்றிச் செல்லும் ராட்சதச் சக்கர வண்டிகள் ஓடும் தடங்கள்கூட ராணுவ வண்டிகள் போட்டுவிட்டுப் போனவைதான். நாம் கன்னி நிலம் என்று நினைப்பது பழைய பயிற்சி மைதானம்.

ஆட்கள் சேர்ந்தால் குப்பை சேரும். பசித்த கரடிகள் மோப்பம் பிடித்து ஊர்க் குப்பைமேட்டுக்கு வந்தன. ஊருக்குள் வந்தவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். 1968-ல் கரடி தாக்கி ஓர் இளைஞர் இறந்தார். 1973-ல் பனிக்கரடியைப் பாதுகாக்க ஐந்து நாடுகள் ஆஸ்லோவில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1980-களின் தொடக்கத்தில், கைவிடப்பட்ட ராணுவக் கட்டடம் ஒன்று கரடிகளுக்கான 'சிறை' ஆனது. ஊருக்குள் வரும் கரடியைப் பிடித்து அங்கே அடைப்பார்கள். தண்ணீர் உண்டு, சாப்பாடு கிடையாது. மனிதனிடம் போனால் சோறு கிடைக்கும் என்று அது பழகிவிடக் கூடாதல்லவா? பிறகு ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய்த் தொலைவில் விடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, சுடுவதிலிருந்து தூக்கி விடுவதுவரை வந்தது பெரிய மாற்றம்தான்.

ஆனால் அந்தக் குப்பைமேட்டுக்குக் கரடிகள் மட்டும் வரவில்லை.

1956-ல் கனடிய அரசு, உள்நாட்டில் டக் ஏரிப் பக்கம் கரிபூ மான்களை வேட்டையாடி வாழ்ந்த சாயிசி டெனே மக்களை விமானத்தில் ஏற்றிச் சர்ச்சிலில் கொண்டுவந்து இறக்கியது. சுமார் 250 பேர். மான்களை அளவுக்கு மீறிக் கொல்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அது தவறு என்று பின்னால் தெரிந்தது. கம்பெனி தன் ஏரிக்கரைக் கிடங்கையும் மூடிவிட்டது. பொறிகளையும் படகுகளையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது, மரமில்லாத கடற்கரையும் இடுகாட்டுப் பக்கத்தில் குடிசைகளும். வேட்டை போனது, வேலையில்லை. குடியும் குளிரும் தீவிபத்தும் ஆட்களைக் கொண்டுபோயின. பலர் குப்பைமேட்டில் உணவு தேடினார்கள். தனடெல்தூரின் இனத்தை நம்பி உருவான ஊரில் அந்த இனத்துக்குக் கிடைத்த இடம் அது. 1973-ல் மிஞ்சியவர்கள் தாங்களாகவே கிளம்பிப் போய் டடூல் ஏரிக்கரையில் குடியேறினார்கள். அதற்குள் 117 பேர் இறந்திருந்தார்கள்.

இரண்டு 1973-களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தேன். கரடிக்கு ஒப்பந்தம் வந்த வருடத்தில்தான் இவர்கள் யார் துணையுமில்லாமல் வெளியேறினார்கள். மத்திய அரசு மன்னிப்புக் கேட்டது 2016-ல்.

கரடிக்குக் கிடைத்ததும் நிலைக்கவில்லை. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016-ல் 842 என்று மதிப்பிட்ட கரடிகள் 2021-ல் 618. கடல் முன்பைவிடச் சீக்கிரம் உருகுகிறது, தாமதமாக உறைகிறது. பட்டினி நாட்கள் கூடுகின்றன. இப்போது எந்த ஹெலிகாப்டரில் தூக்கி எங்கே விடுவது?

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ போக வேண்டாமாப்பா?" என்றாள். எனக்கும் பதில் சட்டென்று வரவில்லை. போகாமல் இருப்பதால் டெனே மக்களுக்கோ கரடிகளுக்கோ ஒன்றும் ஆகப்போவதில்லை. போய்க் கரடியை மட்டும் படம்பிடித்துத் திரும்பவும் மனம் ஒப்பவில்லை.

நவம்பர் முதல் வாரத்துக்கு ரயிலில் இடம் போட்டிருக்கிறேன். முதல் நாள் வண்டி ஏறப்போவதில்லை. டெனே கிராமம் என்று சொல்லப்பட்ட அந்த இடத்தைப் பார்க்கப் போகிறோம். அங்கே தனியாக நடக்கக் கூடாதாம், கரடி வருமாம். துப்பாக்கியோடு துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அதையும் மகள் பட்டியலில் எழுதிவிட்டாள்.