தொலைபேசி முதலில் பழகியது பாட்டுத்தான்

"சேர், பாட்டுக் கேட்க எந்த போன் நல்லம்?"

உயர்தரப் பிள்ளைகள் மட்டுமல்ல, இப்போது அவர்களின் வாப்பாமாரும் எங்களிடம் இதைக் கேட்கிறார்கள். ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் விலையில் போனை வாங்கிவிட்டு, "பெட்டியில் ஹைஃபை என்று போட்டிருந்தது, பாட்டு என்னவோ தகரத்தில் தட்டுவதுபோல் கேட்குது" என்று வந்து நிற்பவர்களும் உண்டு. ஒரு மொடலின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த மொடல் அடுத்த வருடம் கடையில் இருக்காது. அதனால் கொஞ்சம் நீளமாக, வரலாற்றோடு சேர்த்தே எழுதுகிறோம். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

தொலைபேசி பேசுவதற்காக வந்தது, பாட்டு பிறகு அதில் ஒட்டிக்கொண்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. கிரகாம் பெல் 1876இல் காப்புரிமை பெறுவதற்கு 15 வருடங்களுக்கு முன்பே, 1861இல், பிலிப் ரைஸ் என்பவர் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரில் ஒரு கருவியைச் செய்து காட்டினார். "டெலிபோன்" என்று தன் கருவிக்குப் பெயர் வைத்தார். அவருடைய தொழில் என்ன தெரியுமா? பாடசாலை ஆசிரியர்! (பெருமைப்படாமல் இருக்க முடியவில்லை.) ஒலி நுழையும் பக்கத்தில் ஒரு மெல்லிய சவ்வு. கேட்கும் பக்கத்தில் கம்பிச் சுருளுக்குள் ஒரு பின்னல் ஊசி. அவ்வளவுதான்.

அந்தக் கருவியில் பாட்டின் சுருதி நன்றாகப் போய்ச் சேர்ந்தது. பேச்சுத்தான் குழறியது. சவ்வு அதிரும் ஒவ்வொரு தடவையும் மின்சுற்று இணைந்து அறுந்தது. வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பது அதனால் மறுமுனைக்குப் போனது. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் போகவில்லை. ரைஸ் 40 வயதில் காசநோயால் மௌத்தாகிவிட்டார். பேச்சைத் தெளிவாகக் கடத்திய பெல்லுக்கே புகழும் பணமும் போயின.

ஆனாலும் பாட்டு விடவில்லை. 1881இல் பாரிஸில் மின்சாரக் கண்காட்சி நடந்தபோது, கிளெமென் ஆதேர் என்ற பொறியியலாளர் ஒப்பேரா அரங்கின் மேடையோரத்தில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, கம்பி வழியாகக் கண்காட்சி மண்டபத்துக்கு இசையைக் கொண்டுவந்தார். கேட்பவருக்கு இரண்டு கேள்கருவிகள், காதுக்கு ஒன்று. பாடகர் மேடையில் இடமிருந்து வலம் நடந்தால் அந்த நடை காதிலும் தெரிந்தது. இன்று "ஸ்டீரியோ" என்று போன் பெட்டியில் அச்சடிக்கிறார்களே, அது அன்றைக்கே தொலைபேசிக் கம்பியில் ஓடியிருக்கிறது. 1890இல் இதை ஒரு கம்பனி சந்தாவுக்கு வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. புடாபெஸ்ட் நகரில் 1893இல் தொடங்கிய சேவையோ பகலில் செய்தியும் இரவில் இசையும் தந்தது. வானொலி பிறப்பதற்கு முன்னரே வானொலி!

பிறகு ஏன் தொலைபேசியில் பாட்டுக் கேட்டால் சகிக்கவில்லை? கணக்குப் பார்த்துக் குறைத்தார்கள், அதுதான் காரணம். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். பேச்சு விளங்குவதற்கு அவ்வளவும் தேவையில்லை. 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரை போதும், மிச்சத்தை வெட்டினால் ஒரே கம்பியில் பல அழைப்புகளை அனுப்பலாம். தொலைபேசித் துறை அப்படியே செய்தது. "ஸ"வும் "ஃப"வும் போனில் ஒன்றுபோலக் கேட்பதற்கும் இதுவே காரணம். அவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலி 3,400க்கு மேலே இருக்கிறது. போனில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். கைத்தொலைபேசி இன்னும் ஒரு படி போய், மனிதத் தொண்டை எப்படி ஒலி எழுப்பும் என்று கணித்துச் சுருக்கி அனுப்பியது. அழைப்பில் காத்திருக்கும்போது வரும் இசை தண்ணீருக்குள் வாசித்ததுபோல் இருப்பது அதனால்தான்.

இசையை வானொலி எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் அதைத் தொடங்கியவர்களும் தந்தித் துறைக்காரர்களே. எட்வர்ட் ஹார்ப்பர் தலைமையில், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஒரு சிறிய ஒலிபரப்பியைச் செய்து, கொழும்புத் தந்தி அலுவலகத்திலிருந்து கிராமபோன் இசையைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார்கள். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பிறகு வந்த இலங்கை வானொலியின் கதையை இங்கே நாம் சொல்லத் தேவையில்லை, உம்மாமாரிடம் கேளுங்கள். அதன் பின் கசெட் காலம். ஊருக்கு ஊர் ரெக்கோர்டிங் பார். பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு நாட்கணக்கில் காத்திருந்த தலைமுறை நாங்கள்.

1979இல் சோனி வோக்மன் வந்தது. அதில் இருந்த சிறு துளையைப் பற்றி ஒரு வார்த்தை. 19ஆம் நூற்றாண்டில் தொலைபேசி நிலையங்களில், அழைப்புகளைக் கையால் இணைத்த ஊழியர்கள் ஒரு செருகியைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செருகியின் சிறிய வாரிசுதான் 3.5 மில்லிமீற்றர் ஹெட்போன் செருகி. தொலைபேசி நிலையத்தில் பிறந்தது, ட்ரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் வோக்மனுக்கும் போனது.

போனுக்கு இசை திரும்பி வந்த கதை வேகமானது. முதலில் மணியோசை. நோக்கியா மெட்டு, ஸ்பானிய இசைக்கலைஞர் பிரான்சிஸ்கோ தாரேகாவின் கிற்றார் வோல்ட்ஸ் ஒன்றிலிருந்து எடுத்த சிறு துண்டு. அடுத்து எம்பி3. ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவனத்தினர், பெரிய ஒலி ஒன்று கேட்கும்போது பக்கத்திலுள்ள சிறிய ஒலியைக் காது கவனிக்காது என்பதைப் பயன்படுத்தி, அந்தச் சிறிய ஒலிகளை நீக்கிப் பாட்டைச் சுருக்கினார்கள். 128 கிலோபிட்டில் ஒரு பாட்டு சிடியில் இருப்பதைவிட ஏறத்தாழ 11 மடங்கு சிறிது. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த சீமென்ஸ் எஸ்எல்45இல் 32 மெகாபைட் அட்டை. அரை மணித்தியாலப் பாட்டுக்கு மேல் கொள்ளாது. 2005இல் சோனி எரிக்சன் டபிள்யூ800 "வோக்மன்" என்ற பெயரோடே வந்தது. நோக்கியாவின் என்91க்குள் 4 கிகாபைட் ஹார்ட் டிஸ்க்கே சுழன்றது. செருகித் துளையும் இருந்தது. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

நம் ஊர்களில் பெரும்பாலானோர் கையில் இருந்தது இவை எதுவுமல்ல, பெயர் தெரியாத சைனா போன். பின்பக்கம் முழுக்க ஸ்பீக்கர். கொம்யூனிகேஷன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் நூற்றுக்கணக்கில் பாட்டு ஏற்றித் தருவார்கள். சத்தம் தெருமுனை வரை கேட்டது. சத்தம் பெரிது என்றால் தரம் பெரிது என்ற எண்ணம் அப்போது நம் தலையில் ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். போனில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். அந்த எண்களை மின் அலையாக மாற்ற ஒரு சிப் வேண்டும், அதை டிஏசி என்பார்கள். அந்த அலைக்கு வலுக்கொடுக்க ஒரு பெருக்கி. பிறகு அதை ஒலியாக்க இயர்போன். என்91 காலத்தில் டிஏசியும் பெருக்கியும் போனுக்குள் இருந்தன. அதனால் "நல்ல மியூசிக் போன்" என்ற பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. எல்ஜி 2016இல் தன் வி20இல் நான்கு டிஏசிகள் சேர்ந்த ஒரு சிப்பையே வைத்தது. அதே வருடம் செப்டெம்பரில் அப்பிள் ஐபோன் 7இல் செருகித் துளையை எடுத்துவிட்டது. அதற்கு "துணிவு" என்று மேடையில் விளக்கமும் சொன்னார்கள். எங்களுக்கு அது துணிவாகப் படவில்லை, வயர் இல்லாத இயர்போனையும் சேர்த்து விற்கும் வியாபாரமாகவே பட்டது. மற்றக் கம்பனிகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எல்ஜி 2021இல் போன் தொழிலையே விட்டது.

ஆகவே வாங்கும் முன் முதலில் கேட்க வேண்டியது: எண்கள் ஒலியாவது எங்கே? புளூடூத்தில் கேட்பவருக்கு டிஏசியும் பெருக்கியும் காதிலிருக்கும் பட்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. போனின் ஹைஃபை சிப்புக்கு அங்கே வேலையே இல்லை. போன் எந்த முறையில் பாட்டைச் சுருக்கி அனுப்புகிறது என்பதுதான் கணக்கு. எஸ்பிசி எல்லாவற்றிலும் உண்டு. எல்டிஏசி பல அண்ட்ரொய்ட் போன்களில் உண்டு, ஐபோனில் இல்லை. ஐபோன் வைத்திருப்பவர் எல்டிஏசிக்காகவென்று கூடுதல் விலை கொடுத்து பட்ஸ் வாங்கினால் அந்தக் காசு வீண்.

வயரில் கேட்பவர் துளை உள்ள போனைத் தேடலாம். விலை குறைந்த போன்களில் இன்னும் கிடைக்கிறது. டைப்-சி அடப்டர் வாங்குவதானால் அதற்குள் டிஏசி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத வகை சில போன்களில் மட்டும் வேலை செய்யும், மற்றவற்றில் ஊமை. உங்களிடம் உள்ள பாட்டு வீடியோவிலிருந்து பிரித்தெடுத்து, திரும்பத் திரும்பச் சுருக்கப்பட்டதாக இருந்தால், எந்த போனாலும் இழந்ததை மீட்க முடியாது.

எங்கள் கணிப்பில், நடுத்தர விலைப் போன் ஒன்றை வாங்கி, மிச்சக் காசில் ஒரு பகுதியைக் காதை நன்றாக மூடும் இயர்போனுக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பஸ்ஸில் போகும் பிள்ளை, எஞ்சின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காகச் சத்தத்தைக் கூட்டுகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட அளவின்படி, வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணித்தியாலம், சிறுவர்களுக்கு 75 டெசிபலில் 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். வளர்ந்தவர்களுக்கே 95 டெசிபலில் வாரத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம்தான். வெளி இரைச்சல் உள்ளே வராவிட்டால் சத்தத்தைக் கூட்டத் தேவை வராது.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த இயர்போனையும், வருடக்கணக்காகக் கேட்டு மனப்பாடமான ஒரு பாட்டையும் கொண்டு போங்கள். நாகூர் ஹனீபாவின் பாட்டானாலும் சரி, இளையராஜாவின் பாட்டானாலும் சரி. விற்பவர் சத்தத்தை முழுக்கக் கூட்டித்தான் காட்டுவார். குறைக்கச் சொல்லுங்கள். மூன்றிலொரு பங்குச் சத்தத்தில் தபேலாவின் அடியும், பாடகர் மூச்செடுப்பதும் தனித்தனியே கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் விலையைப் பேசுங்கள்.