கரி வாயு பஸ்

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாகி, பர்மா எண்ணெயின் வரத்தும் அற்றுப்போய், பெட்ரோலுக்குக் கடுமையான பங்கீடு அமலில் இருந்த அந்த யுத்த காலத்தில், சென்னை மாகாணத்துப் பஸ் முதலாளிகள் வண்டிகளை ஷெட்டில் பூட்டிவிட்டுக் கைகட்டி நில்லாமல், அடுப்புக் கரியையே எரிபொருளாக்கிக்கொண்ட உபாயம் விசேஷமானது. வண்டியோடு பொருத்திய இரும்பு உருளையில் கரியைக் கொட்டி நெருப்பிட்டு, விசிறிச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, போதிய காற்றின்றி அது அரைகுறையாக எரிகையில் பிறக்கும் கார்பன் மோனாக்ஸைடை வடிகட்டிக் குளிரவைத்து இயந்திரத்துக்குள் செலுத்தினார்கள். மூடிய அறையில் பிராணாபாயம் விளைவிக்கும் வஸ்து சாலையில் ஊழியம் செய்தது! பெட்ரோலின் வேகம் அதற்கு இல்லைதான். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவும் நேர்ந்தது. ஆயினும் சந்தைக்கும் கோர்ட்டுக்கும் ஜனங்கள் போய்த்தான் வந்தார்கள். யுத்தம் ஓய்ந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும், உருளைகளைக் கழற்றிவிட்டார்கள்.