கனவில் நீர்: உளச்சிகிச்சையில் ஒரு படிமத்தின் வரலாறு

கனவில் தோன்றும் நீருக்கு மருத்துவ உலகம் தந்த பொருள் இரண்டு முறை அடிப்படையிலேயே மாறியிருக்கிறது. பண்டை மருத்துவர்கள் அதை உடலின் நிலையைக் காட்டும் அறிகுறியாகக் கொண்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளப்பகுப்பாய்வு அதைப் பிறப்புக்கும் நனவிலி மனத்துக்கும் உரிய குறியீடாக்கியது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், கனவு காண்பவரின் உள்ளத்தில் அப்போது மேலோங்கியிருக்கும் உணர்ச்சிக்கு வடிவம் தரும் காட்சியாக அது கருதப்படலாயிற்று. இந்த மாற்றங்களுக்கு ஏற்ப, கனவுக்குப் பொருள் சொல்லும் உரிமையும் மருத்துவரிடமிருந்து கனவு கண்டவரிடம் படிப்படியாகச் சென்று சேர்ந்தது.

உடல்நிலையின் அறிகுறி

ஹிப்போகிரேட்டஸின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவத் தொகுதியில் வாழ்முறை பற்றிய நூல் ஒன்று உள்ளது. அதன் நான்காம் பகுதி முழுவதும் கனவுகளைப் பற்றியது. உறங்கும்போது உயிர் உடலின் உள்நிலையைக் கவனிக்கிறது, அதைக் காட்சிகளாகக் கண்டுகொள்கிறது என்பது அந்நூலின் அடிப்படைக் கொள்கை. கனவில் ஆறு வழக்கத்தை மீறிப் பெருகினால் உடலில் குருதி மிகுந்திருக்கிறது, வற்றினால் குறைந்திருக்கிறது. ஊற்றும் கிணறும் சிறுநீர்ப்பையைக் குறிக்கும். கொந்தளிக்கும் கடல் வயிற்று நோயைக் காட்டும். அதற்கு மென்மையான பேதி மருந்து தர வேண்டும். இங்கே கனவு நோயறியும் கருவியாக மட்டுமே பயன்பட்டது. கனவில் வந்த அச்சமும் உடல்நிலையின் அறிகுறியாகவே கொள்ளப்பட்டது.

இந்திய மருத்துவ மரபும் இதற்கு இணையான வழியில் சென்றது. சுசுருத சங்கிதையின் உடலியல் பகுதி ஒவ்வோர் உடல்வாகுக்கும் உரிய கனவுகளை எடுத்துரைக்கிறது. கப உடல்வாகு உடையோர் தாமரையும் அன்னமும் சக்கரவாகமும் நிறைந்த நீர்நிலைகளைக் காண்பர். பித்த உடல்வாகினர் நெருப்பையும் மின்னலையும் காண்பர். சரக சங்கிதை கனவுகளை ஏழு வகைகளாகப் பிரிக்கிறது: கண்டவற்றால் வருவது, கேட்டவற்றால் வருவது, துய்த்தவற்றால் வருவது, விரும்பியதால் வருவது, கற்பனையால் வருவது, வரப்போவதைக் காட்டுவது, தோஷங்களின் சீர்கேட்டால் வருவது. இவற்றுள் முதல் ஐந்தும் கனவு காண்பவரின் அனுபவத்தையும் விருப்பத்தையும் சார்ந்தவை. ஆகவே கனவில் வரும் குளம், பகலில் பார்த்த குளமாகவும் இருக்கலாம், ஏங்கிய குளமாகவும் இருக்கலாம், கபத்தின் விளைவாகவும் இருக்கலாம். ஒரே காட்சிக்குப் பல தோற்றுவாய்கள் உண்டு என்ற தெளிவு அன்றே இருந்தது.

கோயிலும் கனவு நூலும்

கிரேக்க உலகில் மருத்துவத் தெய்வமான அஸ்கிளீப்பியஸின் கோயில்கள் கனவைச் சிகிச்சையின் நடுவில் வைத்தன. எப்பிடாரஸ், பெர்கமான் ஆகிய ஊர்களில் நோயாளிகள் நீராடித் தூய்மை பெற்றபின் கோயில் வளாகத்தில் உறங்கினர். தெய்வம் கனவில் வந்து மருந்து சொல்லும் என்று நம்பினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் சொற்பொழிவாளர் ஏலியஸ் அரிஸ்டைடீஸ் தம் நெடுங்கால நோயைப் பற்றி எழுதிய நூலில், கனவில் வந்த கட்டளைப்படி கடுங்குளிரில் ஆற்றில் நீராடியதையும், அதன்பின் உடலெங்கும் பரவிய கதகதப்பையும் மன நிறைவையும் விவரிக்கிறார். இவ்வழக்கில் கனவு விடுத்த கட்டளை நீராடல். விழித்தபின் செய்த சிகிச்சையும் அதுவே.

அதே நூற்றாண்டைச் சேர்ந்த ஆர்ட்டெமிடோரஸ் ஐந்து பகுதிகள் கொண்ட கனவு நூலை எழுதினார். தெளிந்து அமைதியாக ஓடும் ஆறு நன்மை. கலங்கிச் சீறும் ஆறு கடுமையான எசமானரையும் நீதிபதியையும் குறிக்கும் என்பது அவர் கூற்று. அவருடைய நோக்கம் வருவது உரைப்பதே. ஆயினும் கனவு கண்டவர் அடிமையா, வழக்கில் சிக்கியவரா, பயணம் புறப்படுபவரா என்று கேட்டறியாமல் பலன் சொல்லலாகாது என்று அவர் விதித்தார். நீரின் தன்மையையும் காண்பவரின் வாழ்நிலையையும் சேர்த்துப் பார்க்கும் அந்த விதி, பிற்கால உளச்சிகிச்சையில் வேறு நோக்கத்தோடு மீண்டும் இடம்பெற்றது.

பிறப்பின் குறியீடு: ஃபிராய்டு

19ஆம் நூற்றாண்டில் கனவு ஆய்வு புலன் தூண்டல்களின் பக்கம் திரும்பியது. பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் மோரி 1861இல் வெளியிட்ட நூலில் தம்மீது தாமே நடத்திய சோதனைகளைப் பதிவு செய்தார். உறங்கும்போது நெற்றியில் ஒரு துளி நீர் விடப்பட்டபோது, அவர் இத்தாலியில் வியர்த்துக்கொட்ட வெள்ளைத் திராட்சை மது அருந்துவதாகக் கனவு கண்டார். உடல் உணர்வு கனவுக்கு மூலப்பொருளாகிறது. ஆனால் அது எந்தக் கதையாக விரியும் என்பதை அவ்வுணர்வு தீர்மானிப்பதில்லை.

அந்தக் கதையைத் தீர்மானிப்பது எது என்ற கேள்விக்கு, உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் ஃபிராய்டு விடை தேடினார். 1900ஆம் ஆண்டு என்று பொறிக்கப்பட்டு வெளிவந்த 'கனவுகளின் விளக்கம்' நூலின் பிற்பதிப்புகளில் நீர்க்கனவுகள் பற்றிய பகுதி விரிவடைந்தது. நீரில் மூழ்குதல், நீரிலிருந்து எழுதல், குறுகிய வழியாகச் செல்லுதல் போன்ற கனவுகள் கருப்பை வாழ்வையும் பிறப்பையும் பற்றிய கற்பனைகளிலிருந்து எழுகின்றன என்றார். பனிக்குட நீரிலிருந்தே குழந்தை வெளிவருகிறது. கனவு அந்நிகழ்வைத் திருப்பிப்போட்டு, வெளிவருதலை உட்புகுதலாகக் காட்டும் என்பது அவர் தந்த விளக்கம்.

அங்கே அவர் தரும் சான்று உளச்சிகிச்சை வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது. வழக்கமாகக் கோடை விடுமுறையைக் கழிக்கும் ஏரிக்கரையில், வெளிறிய நிலவு பிரதிபலிக்கும் இருண்ட நீரில் தாம் குதிப்பதாக ஒரு பெண் கனவு கண்டார். ஃபிராய்டு அதைப் பிறப்புக் கனவாகக் கொண்டார். சிகிச்சையால் தாம் மறுபடி பிறந்ததுபோல் இருப்பதாக அப்பெண்ணே சொன்னார். எனவே விடுமுறை இடத்திலும் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்ற வேண்டுகோள் அக்கனவில் அடங்கியிருப்பதாக ஃபிராய்டு முடிவு செய்தார். சிகிச்சை உறவே ஒரு நீர்க்கனவின் பொருளாக ஏற்கப்பட்டதை இங்கே காணலாம்.

ஃபிராய்டைச் சுற்றியிருந்தோர் இக்கருத்தை மேலும் விரித்தனர். ஓட்டோ ரேங்க் 1909இல் வீரர்களின் பிறப்புத் தொன்மங்களை ஆராய்ந்து, பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட சார்கோன், மோசே, கர்ணன் ஆகியோரின் கதைகளில் அதே பிறப்புக் குறியீட்டைக் கண்டார். சாந்தோர் ஃபெரென்சி 1924இல் ஒரு படி மேலே சென்று, பனிக்குட நீரை உயிர்கள் தோன்றிய ஆதிக்கடலின் எச்சமாகக் கருதினார். இத்தகைய விரிவுகளில் நீர் எவருடைய கனவில் வந்தாலும் ஒரே பொருள் தரும் குறியீடாக இறுகிப்போகும் போக்கு தென்படுகிறது.

நனவிலியின் ஆழம்: யுங்

சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங்கின் நீர் பற்றிய சிந்தனை அவருடைய சொந்த நெருக்கடியோடு பிணைந்தது. 1913 அக்டோபரில் ரயில் பயணத்தின்போது, வடகடலுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதையும் வெள்ளம் மூடும் காட்சி ஒன்று அவருக்கு விழித்திருக்கையிலேயே தோன்றியது. மஞ்சள் அலைகளில் இடிபாடுகளும் பிணங்களும் மிதந்தன; பிறகு கடல் குருதியாயிற்று. தமக்கு மனநோய் நேரப்போகிறது என்று அவர் அஞ்சினார். 1914 ஆகஸ்டில் உலகப்போர் தொடங்கியபின், தனிமனித மனத்துக்கும் பொது நிகழ்வுக்கும் உள்ள தொடர்பை அறிய வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வலுப்பட்டது.

நனவிலி மனத்துக்குரிய மிகப் பொதுவான குறியீடு நீரே என்ற கருத்தை, கூட்டு நனவிலியின் தொல்படிவங்கள் பற்றி 1934இல் ஆற்றிய உரையில் அவர் விளக்கினார். அதற்குச் சான்றாக ஒரு புரொட்டஸ்டன்ட் இறையியலாளரின் கனவைச் சொன்னார். மலைச்சரிவில் நிற்கும் அவருக்குக் கீழே பள்ளத்தாக்கில் இருண்ட ஏரி ஒன்று தெரிகிறது. முன்பெல்லாம் ஏதோ ஒன்று தடுத்துவந்தது. இம்முறை நீரை நோக்கி இறங்கத் துணிகிறார். கரையை நெருங்கியதும் இருள் கவிகிறது. திடீரென ஒரு காற்று நீர்ப்பரப்பைச் சிலிர்க்க வைக்கிறது. அச்சத்தில் அவர் விழித்துக்கொள்கிறார். மேலே ஏறினால்தான் ஆன்மிகம் என்று நம்பியவர், தன்னை அறிய முதலில் கீழே இறங்க வேண்டியிருக்கிறது என்பது யுங்கின் வாசிப்பு. இவ்விளக்கத்தில் ஏரி எவ்வளவு முக்கியமோ, அதை நோக்கி இறங்கும் செயலும் கரையில் எழும் அச்சமும் அவ்வளவு முக்கியம்.

ஒரு கனவைத் தனியே எடுக்காமல் தொடராகப் படிக்க வேண்டும் என்பது யுங்கின் மற்றொரு பங்களிப்பு. 1944இல் வெளிவந்த 'உளவியலும் இரசவாதமும்' நூலில், இயற்பியலர் வொல்ஃப்காங் பவுலியின் கனவுகளைப் பெயர் குறிப்பிடாமல் ஆராய்ந்தார். தொடரின் தொடக்கத்திலேயே கடல் கரையை உடைத்து நிலத்தை மூழ்கடிக்கிறது. கனவு காண்பவர் தனித்தீவில் அமர்ந்திருக்கிறார். நனவிலி பெருகி வருவதையும், அதனால் மனிதர் பிறரிடமிருந்து ஒதுங்குவதையும் யுங் அதில் கண்டார். அடுத்தடுத்த கனவுகள் அந்த விளக்கத்தை உறுதிப்படுத்தவும் திருத்தவும் உதவின.

கனவு கண்டவரே பேசுதல்

1960களில் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸின் கெஸ்டால்ட் சிகிச்சை விளக்கம் சொல்வதையே கைவிட்டது. கனவில் வரும் ஒவ்வொன்றும் கனவு காண்பவரின் ஒரு கூறு என்று அவர் கொண்டார். அதனால் நோயாளி அப்பொருளாகவே மாறித் தன்மையில் பேச வேண்டும். 1969இல் வெளியான அவருடைய பயிலரங்கப் பதிவுகளில், ஓர் ஏரி வற்றுவதைக் கனவில் கண்ட பெண்ணின் உரையாடல் உள்ளது. ஏரியாக மாறிப் பேசத் தொடங்கியவர், தான் வற்றிச் சாவதாகச் சொல்கிறார். பேச்சு தொடர்கையில், மண்ணுக்குள் இறங்கும் தன் நீரால் சுற்றிலும் பூக்கள் முளைக்கலாம் என்று கண்டுகொள்கிறார். வற்றுதல் என்ற ஒரே காட்சி இழப்பிலிருந்து வளம் தருதலாக மாறியது. அந்த மாற்றத்தை நிகழ்த்தியது அவருடைய சொந்தப் பேச்சு.

ஆய்வகமும் உணர்ச்சியும்

1953இல் சிக்காகோவில் யூஜீன் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் கண்கள் விரைந்து அசையும் விரைவிழி உறக்கத்தைப் பற்றி அறிவித்தபின், கனவை ஆய்வகத்தில் ஆராய வழி பிறந்தது. 1958இல் வில்லியம் டிமென்ட்டும் எட்வர்ட் வோல்பெர்ட்டும் உறங்குவோர்மீது குளிர்ந்த நீரைத் தெளித்தனர். 42 விழுக்காட்டு முயற்சிகளில் நீர் கனவுக்குள் நுழைந்தது. ஒருவருக்கு அது நாடக மேடையின் கூரை ஒழுகலாகத் தோன்றியது. எல்லா நீர்க்கனவுக்கும் ஆழ்மனக் காரணம் தேட வேண்டியதில்லை என்பதை இச்சோதனை எச்சரிக்கையாக நினைவூட்டுகிறது. 1977இல் ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் மூளைத்தண்டின் தூண்டல்களை மூளை ஒரு கதையாகக் கோப்பதே கனவு என்று வாதிட்டபோது, மறைபொருள் கொள்கைக்கு நேரடியான சவால் எழுந்தது.

இந்தச் சவாலுக்குப் பின்னும் கனவைச் சிகிச்சையில் பயன்படுத்த உறுதியான அடிப்படை தந்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன். பேரதிர்ச்சிக்கு உள்ளானோரின் கனவுகளைத் தொகுத்த அவர், அவற்றில் ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். தீயில் தப்பியவரும் தாக்குதலுக்கு ஆளானவரும், தாங்கள் அனுபவித்த நிகழ்வில் நீரே இல்லாதபோதும், பேரலை ஒன்று தங்களை அடித்துச் செல்வதாகக் கனவு கண்டனர். நிகழ்வை விட்டுவிட்டு, அதன் உணர்ச்சியான திகிலையும் கையறு நிலையையும் கனவு காட்சியாக்குகிறது என்று 1990களில் வெளியிட்ட ஆய்வுகளில் அவர் விளக்கினார். உணர்ச்சி எவ்வளவு வலிமையானதோ, கனவின் மையப்படிமமும் அவ்வளவு வலிமையாக அமையும்.

அலை நினைவாக வரும்போது

ஹார்ட்மனின் பேரலை ஓர் உருவகம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அதே அலை நேரடி நினைவாகக் கனவில் வருவோரைத் தமிழகமும் இலங்கையும் எதிர்கொண்டன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். நிகழ்வு மீண்டும் மீண்டும் கொடுங்கனவாக வருவது, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் ஏற்ற பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறின் அறிகுறிகளுள் ஒன்று. கடலைத் தாயென அழைத்து, அதிலேயே பிழைப்பு நடத்தும் மீனவர்க்கு அந்த அலை பிள்ளையைப் பறித்த கையுமாகும், மறுநாள் படகு இறக்க வேண்டிய தொழிலிடமுமாகும். இத்தகையவரிடம் கருப்பை, நனவிலி என்று குறியீட்டு விளக்கம் தருவது அவருடைய துயரத்தைக் கேளாமல் விடுவதாகும்.

கொடுங்கனவுகளுக்கென உருவான காட்சி ஒத்திகைச் சிகிச்சை இங்கே பொருந்தும். பாலியல் வன்முறைக்கு உள்ளான 168 பெண்களிடம் பாரி கிராகோவும் குழுவினரும் அதைச் சோதித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளி விழித்திருக்கையில் தம் கொடுங்கனவைத் தாம் விரும்பியபடி மாற்றியமைத்து, மாற்றிய கனவை நாள்தோறும் மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறார். சிகிச்சை பெற்றோரின் கொடுங்கனவுகள் குறைந்தன, உறக்கம் மேம்பட்டது. அலைக்கனவு காண்பவர் இம்முறையில் அலை தணிவதாகவோ, தாம் மேட்டில் ஏறிவிடுவதாகவோ, வேறெவ்விதமாகவோ கனவைத் தாமே அமைத்துக்கொள்ளலாம்.

இன்றைய நடைமுறை

அமெரிக்க உளவியலாளர் கிளாரா ஹில் 1996இல் முன்வைத்த மூன்று கட்ட முறை மேற்கண்ட மரபுகளைத் தொகுத்துப் பயன்படுத்துகிறது. முதலில் கனவை விவரித்து, அதன் உணர்ச்சியை மீண்டும் உணர்ந்து, ஒவ்வொரு காட்சியோடும் மனத்தில் எழும் தொடர்புகளைச் சொல்லுதல். அடுத்து அதன் பொருளை இருவரும் சேர்ந்து உருவாக்குதல். இறுதியில் வாழ்க்கையில் செய்யத்தக்க மாற்றத்தைத் தீர்மானித்தல்.

இம்முறையில் நீர்க்கனவை அணுகும்போது நான்கு செய்திகள் கேட்டறியத்தக்கவை. முதலாவது நீரின் நிலை: தெளிவு, கலக்கம், பெருக்கு, வறட்சி. இரண்டாவது கனவு காண்பவரின் இடம்: கரையில் நிற்கிறாரா, நீந்துகிறாரா, மூழ்குகிறாரா, பிறரைக் காப்பாற்றுகிறாரா. மூன்றாவது அவர் உணர்ந்தது: ஆழமான நீரில் மூழ்கியும் நிம்மதி கொண்டவரின் கனவும், கணுக்கால் நீரில் நடுங்கியவரின் கனவும் ஒன்றல்ல. நான்காவது நீரோடு அவருக்குள்ள வாழ்வியல் உறவு: மீனவர், வெள்ளத்தில் வீடிழந்தவர், நீச்சல் அறியாதவர், குடிநீருக்கு வரிசையில் நிற்பவர் ஆகிய ஒவ்வொருவர் கனவிலும் நீர் வேறு சுமையைத் தாங்கி வருகிறது.

சிகிச்சை தொடரும்போது இந்நான்கும் மாறுகின்றனவா என்று பார்ப்பது ஒரு கனவுக்கு உடனே பொருள் சொல்வதைவிடப் பயனுடையது. அடித்துச் செல்லும் அலை சில மாதங்களில் கரையிலிருந்து பார்க்கக்கூடிய அலையாக மாறினால், உணர்ச்சியின் பிடி தளர்வதற்கான ஒரு சான்றாக அதைக் கொள்ளலாம். அதை மட்டுமே வைத்து முடிவு செய்யாமல், நோயாளியின் உறக்கம், அன்றாடச் செயல்கள், மனநிலை ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஃபிராய்டின் பிறப்புக் குறியீடும் யுங்கின் நனவிலி ஆழமும் இன்று முடிந்த முடிபுகளாகக் கொள்ளப்படாமல், கேட்டுப் பார்க்கத்தக்க கேள்விகளாகவே பயன்படுகின்றன. அக்கேள்விகளுள் எது பொருந்தும் என்பதைக் கனவு கண்டவரே உறுதி செய்கிறார்.