உண்டியலும் அனுமதியும்: தெருவசூல் விதிகளின் வரலாறு

பொதுத் தெருக்களில் அறப்பணிக்கு நிதி திரட்டுவோர் முன்னனுமதி பெறவேண்டும் என்னும் விதி, கொடுப்போரை ஏமாற்றத்திலிருந்தும் வழிச்செல்வோரைத் தொல்லையிலிருந்தும் காப்பதற்காக எழுந்தது என்பதே பொதுவான கருத்தாகும். பிரித்தானியாவிலும் அதன் ஆட்சிக்குட்பட்டிருந்த இலங்கையிலும் இவ்விதியின் வரலாற்றை ஒப்பநோக்கும்போது, யார், யாருக்காகக் கேட்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் இதனுள் அடங்கியிருந்தமை புலனாகிறது.

சட்டத்தின் தோற்றம்

பொய்க்காரணம் கூறி நன்கொடை பெறுவோரை 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம் தண்டித்தது. நேர்மையாகக் கேட்போருக்கு அது ஒழுங்கெதனையும் வகுக்கவில்லை. 1912 ஜூன் மாதத்தில், அரசி அலெக்சாந்திராவின் பெயரால் இலண்டன் தெருக்களில் செயற்கை ரோசாப் பூக்கள் விற்கப்பட்டன. 1914இல் முதலாம் உலகப்போர் மூண்டதும் இம்முறை 'கொடி நாள்' என்னும் வடிவில் நாடெங்கும் பரவியது. வசூல்கள் பெருகியமையால் 1916இல் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று போர்க்கால அறநிதியங்களைப் பதிவு செய்யப் பணித்தது. மற்றொன்று காவல், தொழிற்சாலைகள் முதலியவை பற்றிய பல்வகை ஏற்பாடுகள் சட்டம். தெருவசூலை ஒழுங்குபடுத்தும் விதிகளைக் காவல் அதிகாரிகள் வகுக்கலாம் என்று அதன் 5ஆம் பிரிவு கூறியது.

அப்பிரிவின் சொல்லாட்சி கருதத்தக்கது. 'அறநோக்கம்' என்பதோடு நில்லாமல் 'பிற நோக்கங்கள்' என்பதையும் அது சேர்த்துக்கொண்டது. பணம் திரட்டுவதோடு பொருள் விற்பதும் அதனுள் அடங்கியது. ஆகவே, சட்டையில் குத்தும் சிறு மலரும், அரசியல் நோக்கில் நீட்டப்படும் உண்டியலும் ஒரே கட்டுப்பாட்டின்கீழ் வந்தன.

விதிகளின் அமைப்பு

1974இல் மாவட்ட மன்றங்களுக்கென வெளியிடப்பட்ட மாதிரி விதிகள் இவ்வேற்பாட்டின் நோக்கத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. விண்ணப்பம் ஒரு மாதம் முன்னரே அளிக்கப்படவேண்டும். வசூலிப்போர் 25 மீட்டர் இடைவெளியில் ஓரிடத்திலேயே நிற்கவேண்டும். உண்டியல்கள் வரிசை எண்ணிடப்பட்டு முத்திரையிடப்படவேண்டும். வசூல் முடிந்தபின் கணக்கு ஒப்படைக்கப்படவேண்டும். இவை யாவும் கொடுப்போரின் நம்பிக்கையைக் காப்பவை. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முற்பட்டது அனுமதி. அதனை வழங்குவதும் மறுப்பதும் அதிகாரியின் கையிலிருந்தன.

இலங்கையில் பூவரசம் பூ

இவ்வதிகாரத்தின் அரசியல் முகம் இலங்கையில் வெளிப்பட்டது. நவம்பர் 11ஆம் நாள் கொழும்புத் தெருக்களில் பொப்பி மலர்கள் விற்கப்பட்டன. திரண்ட நிதியின் பெரும்பகுதி பிரித்தானியாவைச் சென்றடைந்தது. இலங்கையின் முன்னாள் போர்வீரர்களுக்கு உதவும் பொருட்டு, 1931இல் ஏலியன் பெரேரா அதே நாளில் பூவரசம் பூவை விற்கும் முயற்சியைத் தொடங்கினார். சிங்களத்தில் அது 'சூரியா மல்' எனப்பட்டது. 1933இல் தென் கொழும்பு இளைஞர் கழகம் அதனை ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தது. ஆங்கிலேயரான டொரீன் விக்ரமசிங்க அதன் முன்னணியில் நின்றார். தெருவசூலைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின்வழி இதனை அடக்கக் குடியேற்ற ஆட்சி முயன்றும் இயக்கம் ஓயவில்லை. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது அதன் தொண்டர்கள் துயர்துடைப்பில் ஈடுபட்டனர். அவர்களுட் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சி தோன்றுவதற்குக் காரணராயினர்.

பொப்பியும் பூவரசும் ஒரே தெருவில், ஒரே நாளில், ஒரே முறையில் விற்கப்பட்டவை. ஒன்று ஆட்சியின் நல்லெண்ணத்தைப் பெற்றது. மற்றொன்று ஒழுங்குக்கு இடையூறாகக் கருதப்பட்டது. இவ்வேறுபாடு கொடுப்போரின் பாதுகாப்பிலிருந்து பிறந்ததன்று.

முடிவுரை

பிரித்தானிய நாடாளுமன்றம் 1992இலும் 2006இலும் தெருவசூலுக்குப் புதிய ஏற்பாடுகளை நிறைவேற்றியபோதும் அவை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. 1916இன் விதியே தொடர்ந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1947இல் தோன்றிய வீட்டுவசூல், தெருவசூல் சட்டம் இம்மரபின் மற்றொரு கிளையாகும். முத்திரையிட்ட உண்டியலும் ஒப்படைத்த கணக்கும் எக்காலத்துக்கும் வேண்டியவையே. ஆயின், அனுமதி மறுப்பதற்குரிய காரணங்கள் சட்டத்திலேயே வரையறுக்கப்படாதவரை, கொடுப்போரைக் காக்கும் விதி கேட்போரின் வாயை அடைக்கும் விதியாகவும் மாறக்கூடும் என்பதையே பூவரசம் பூவின் வரலாறு உணர்த்துகிறது.