மனந்திரும்புதலும் வடக்கன்குளத்துச் சுவரும்

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைப் படிகளில் ஏறும் பெருங்கூட்டத்தைக் கண்டோர், இந்நகரத் தமிழர் அனைவரும் முருகனடியார் என்றே எண்ணக்கூடும். அங்ஙனமன்று. அம்மலையினின்று சில கல் தொலைவில், பினாங்கு சாலையிலுள்ள சவேரியார் தேவாலயம் 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கத்தோலிக்கரின் பொருட்டு எழுந்தது. தாயகத்தினின்று கப்பலேறி வந்த கிறிஸ்தவர்கள் நகரத்திலும் தோட்டப்புறங்களிலும் தம் வேதத்தை விடாது போற்றி வந்தனர். அவர்கள் சமயத்தில் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லின் சரித்திரத்தை இன்று ஆராயப் புகுகின்றோம். பிற சமயத்தார்க்கும், சமயமே வேண்டா என்பார்க்குங்கூட அதில் அறியத்தக்கது உண்டு.

அச்சொல் 'மனந்திரும்புதல்' என்பது. பலர் இதனை ஞானஸ்நானத்தோடு முடிந்துபோன காரியமாகக் கருதுகின்றனர். பாட்டனார் காலத்திலேயே மனந்திரும்பியாயிற்று, பெயரும் மாறிற்று, இனித் திரும்ப வேண்டுவது யாது என்பது அவர்தம் எண்ணம். ஆனால் ஜெர்மானியராகிய மார்ட்டின் லூதர் 1517-ஆம் ஆண்டில் வெளியிட்ட 95 கருத்துரைகளுள் முதலாவது, விசுவாசியின் ஆயுள் முழுவதுமே மனந்திரும்புதலாய் இருத்தல் வேண்டும் என்னும் பொருளுடையது. 1529-இல் எளிய மக்களுக்கென அவர் எழுதிய ஞானோபதேசமும், ஞானஸ்நானத்தின் பொருள் பழைய மனிதன் அன்றாடம் மாண்டு புதிய மனிதன் அன்றாடம் எழுவதே என விளக்குகின்றது. நேற்றுத் திரும்பினேன் என்னும் சாட்சி இன்றைக்குச் செல்லாது என்பதன்றோ இதன் கருத்து?

லூதரின் வழிவந்த சீகன்பால்குவும் புளூச்சோவும் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினர். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. தமிழுக்கு அவர்கள் செய்த தொண்டு பெரிது. அதனை யாம் குறைத்துரைக்கோம். எனினும் அவர்கள் அமைத்த சபையினுள் ஜாதி தன் பாயை விரித்துப் படுத்தே இருந்தது. 1733-இல் ஆரோன் என்னும் தமிழர் முதல் நாட்டுக் குருவாக அபிஷேகம் பெற்றார். அக்காலத்தே இராசநாயக்கன் என்றோர் உபதேசியாரும் இருந்தார். தஞ்சை மன்னர் படையில் சேவகராய் இருந்தவர். தஞ்சைச் சீமையில் பலரைச் சபையிற் சேர்த்தவர். அடுத்த குருவைத் தெரிந்தெடுக்கும் காலம் வந்தபோது அவர் ஒதுக்கப்பட்டார். 1741-இல் தியோகு என்பவரே குருவானார். காரணம் யாது? இராசநாயக்கன் பறையர் வகுப்பிற் பிறந்தவர். அவர் கையால் இராப்போசனம் பெற உயர் ஜாதியார் இசையார் என்று பாதிரிமார் அஞ்சினர். உபதேசிக்க அவர் வாய் ஆகும். அப்பம் கொடுக்க அவர் கை ஆகாது! இதனினும் கொடிய வேடிக்கை உண்டோ?

இந்நிலை நூறாண்டு நீடித்தது. 1826-இல் திருச்சிராப்பள்ளியில் மறைந்த பிஷப் ஹீபர், இவ்விஷயத்தில் மெல்லெனச் செல்லவே விரும்பினார். அவருக்குப் பின் வந்த பிஷப் டேனியல் வில்சன் அவ்வாறு தாமதிக்கவில்லை. சபையில் ஜாதி வேற்றுமை உடனே, அறவே ஒழிதல் வேண்டும் என 1833-ஆம் ஆண்டில் திருமுகம் விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் பூசல் விளைந்தது. பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே மாற்றத்தை எதிர்த்தோர் பக்கம் நின்றார். ஜாதி சமயத்தைச் சேர்ந்ததன்று, வெறும் உலக வழக்கம் என்பது அப்பக்கத்தார் வாதம். கடல் கடந்து வந்த துரைமாரின் கட்டளை என்பதால் எழுந்த மனக்கசப்பும் அதில் கலந்திருந்ததை மறைத்தல் நியாயமன்று. ஆயினும், வெறும் உலக வழக்கம் எனில், அதனை விடுவதில் அத்துணை வேதனை ஏன்? இவ்வினாவிற்கு அவர்கள் விடை கூறவில்லை.

கத்தோலிக்கர் கதையும் வேறன்று. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்றோர் ஊர் உளது. அங்கே 1872-இல் நிறைவேறிய தேவாலயம் விந்தையானது. இரு கால்களைப் போல இரண்டு மண்டபங்கள் விரிந்து, பீடத்தருகே வந்து கூடும். ஒன்று வேளாளர்க்கு, மற்றொன்று நாடார்க்கு. இருவர்க்கும் பீடம் ஒன்றே, பூசை ஒன்றே. ஆனால் ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாவண்ணம் இடையே சுவர். ஜாதியைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிவைத்த கோவில் இதனைப்போல் அரிது. 1910-இல், கௌசானல் அடிகள் காலத்தே, அச்சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் நீதிமன்றம் ஏறினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சுவர் கேட்டவர்க்கு வெற்றி கிட்டவில்லை. ஒருமுறை மனந்திரும்பிய ஊரார், மீண்டும் ஒருமுறை திரும்ப நேர்ந்தபோது வக்கீலைத் தேடி ஓடினர் என்பது எண்ணத்தக்கது.

மாறுதலை ஏற்ற காலங்களும் இல்லாமற் போகவில்லை. 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் தம் பழம்பிணக்குகளை விட்டுத் தென்னிந்தியத் திருச்சபையாய் இணைந்தன. 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் கூடிய வத்திக்கான் சங்கத்தின் பின் லத்தீன் பூசை தமிழிலே ஒலிக்கலாயிற்று. மொழியை மாற்றினர், முறையை மாற்றினர். பிறப்பின் பெருமையோ எளிதில் மாறுவதாயில்லை. 2008-ஆம் ஆண்டு மார்ச்சில், அந்நாளைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், கிறிஸ்தவர்க்குள்ளேயே ஜாதிப்பூசல் மூண்டு, போலீஸார் சுட்டதில் இருவர் மாண்டனர். வடக்கன்குளத்துச் சுவர் விழுந்து அப்போது 98 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் மலாயாத் தமிழர் இதனைத் தாயகத்துச் செய்தி என்று தள்ளிவிடல் வேண்டா. 1929 டிசம்பரில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் கப்பலில் வந்து இறங்கியது இந்தப் பினாங்குத் துறைமுகத்திலேதான். அவர் சாடிய ஜாதிப்பற்று, நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது கரையில் நின்றுவிடவில்லை. மூட்டையோடு மூட்டையாய்த் தோட்டத்து லயங்களுக்கும் வந்து சேர்ந்தது. கப்பல் தளத்தில் இடம் கிடைத்தவன் கிடைத்தவன் அருகே படுத்தான். இறங்கிய பின்னரே பழைய கணக்குகள் திறக்கப்பட்டன.

இன்று இங்கே தேவாலயத்தினுள் சுவர் இல்லை. எல்லோரும் ஒரே வரிசையில் முழந்தாளிடுகின்றனர், ஒரே கிண்ணத்தினின்று பெறுகின்றனர். பூசை முடிந்து, வாயிலில் நின்று பெண்ணுக்கு வரன் பேசத் தொடங்கும்போதோ, ஊர்ப்பக்கம் எது, எந்தத் தெரு என்று மெல்லக் கேட்போர் இன்னும் உளர். அவ்வினாவின் பொருள் கேட்பவர்க்கும் தெரியும். விடை சொல்பவர்க்கும் தெரியும்.