ஒரு கம்பி அறுந்தால்



நான் கல்லூரியில் பயின்ற நாட்களில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு கணினிகள் இருந்தன. அவை யாவும் சுவரோரமாக ஓடிய ஒரே கம்பியில் கோக்கப்பட்டிருந்தன. ஒரு நாள் பிற்பகல், பன்னிரண்டும் ஒருங்கே தம்முள் பேசுவதை நிறுத்திக்கொண்டன. தனித்தனியே சோதித்தால் எதிலும் பழுதில்லை. ஒரு மணி நேரம் தேடிய பின்னரே உண்மை புலப்பட்டது. யாரோ மேசையை நகர்த்தியபோது, கம்பியின் கடைசி முனையில் செருகியிருந்த சிறு மூடி ஒன்று கழன்று விழுந்திருந்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத அந்த மூடிக்காகப் பன்னிரண்டு கணினிகள் ஊமையாக வேண்டுமா என்று வியந்தேன். அந்த வியப்பே என்னை இந்த வரலாற்றின்பால் ஈர்த்தது.

வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை நீங்கள் அறிவீர்கள். புள்ளிகள் அவையேயாயினும், கோடு செல்லும் வழி மாறினால் கோலம் வேறாகிவிடுகிறது. கணினிகளை இணைப்பதும் அத்தகையதே. எந்தக் கோலத்தைத் தேர்ந்தாலும் ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைக் கொடுத்தாக வேண்டும். கம்பிக்கு ஆகும் செலவு ஒருபுறம். ஓரிடம் பழுதுற்றால் எத்தனை பேர் துன்புறுவர் என்னும் கணக்கு மறுபுறம்.

இக்கணக்கு கணினிக்கு முன்னரே தோன்றிவிட்டது. 1878 ஜனவரி 28 அன்று, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வாணிக முறையிலான தொலைபேசி நிலையம் ஒன்று 21 சந்தாதாரர்களோடு தொடங்கிற்று. ஒவ்வொருவரையும் மற்ற அனைவரோடும் நேரே இணைப்பதாயின் 210 கம்பிகள் வேண்டும். நடுவே ஒரு நிலையத்தை வைத்துவிட்டால், ஆளுக்கொன்றாக 21 கம்பிகளுக்குமேல் தேவையில்லை. இதனையே விண்மீன் அமைப்பு என்கிறோம். சிக்கனம் மிகுந்தது, ஆயினும் நடுநிலையம் வீழ்ந்தால் ஊரே வாய்மூடிவிடும்.

இந்தக் குறை 1960-ஆம் ஆண்டுகளில் உயிர்ப் பிரச்சினையாயிற்று. அணுகுண்டுப் போர் மூண்டு, பெரிய தொலைபேசி நிலையங்கள் சில தாக்கப்பட்டால், நாடு முழுவதும் செய்தித் தொடர்பு அற்றுப்போகுமே என்று அமெரிக்கர் அஞ்சினர். ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பால் பாரன் 1964-இல் இதற்கு விடை கண்டு வெளியிட்டார். நடுவிடமே இல்லாத வலைப்பின்னல் ஒன்றை அவர் வரைந்து காட்டினார். அதில் ஒவ்வொரு கணுவும் மூன்று அல்லது நான்கு கணுக்களோடு இணைந்திருந்தாற் போதும். பல கணுக்கள் அழிந்தாலும் எஞ்சியவை ஒன்றையொன்று எட்டும். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, திறந்திருக்கும் வழிகளில் அனுப்பவேண்டும் என்றார். தொலைபேசித் துறையில் ஓங்கி நின்ற ஏ.டி. அண்டு டி. நிறுவனம் இதனை ஏற்கவில்லை.

ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு 1969-இல் பிறந்தது. போருக்கு அஞ்சி அது கட்டப்பட்டதாகப் பலர் கூறுவர். உண்மை அதுவன்று, விலைமிக்க கணினிகளைப் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்வதே அதன் நோக்கம். அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிசிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை அனுப்ப முயன்றனர். இரண்டெழுத்து சென்றதும் மறுமுனைக் கணினி நின்றுபோயிற்று! அவ்வாண்டு இறுதியில் நான்கு கணுக்கள் இருந்தன. முழுமையாகப் பின்னுவதற்கு ஆறு இணைப்புகள் வேண்டும், அமைத்தவையோ நான்கு. யூட்டா பல்கலைக்கழகம் ஒற்றை இணைப்பையே நம்பியிருந்தது. சிக்கனம் அங்கும் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

இனி, ஒரே கட்டடத்திற்குள் வருவோம். ஹவாயித் தீவுகளில் 1971-இல் வானொலி அலைவழியே கணினிகளை இணைத்தனர். அனைவருக்கும் பொதுவான ஒரே அலையில் இருவர் ஒருங்கே பேசினால் செய்திகள் மோதும். சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்புவர். இதனைக் கற்ற ராபர்ட் மெட்காஃப், 1973-இல் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் வானலைக்குப் பதிலாகக் கம்பியைக் கொண்டு ஈத்தர்நெட் என்னும் முறையை வகுத்தார். இது பொதுக்கம்பி அமைப்பு. கம்பி குறைவு, புதிய கணினியைச் சேர்ப்பதும் எளிது. ஆனால் கம்பி ஓரிடத்தில் அறுந்தாலோ, முனைமூடி கழன்றாலோ, குறிகள் எதிரொலித்துத் திரும்பி வந்து அனைத்தையும் குலைத்துவிடும். என் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்தது இதுவே.

ஐ.பி.எம். நிறுவனம் 1985-இல் வளைய அமைப்பைக் கொணர்ந்தது. பேசுவதற்கு உரிமைச்சீட்டு ஒன்று சுற்றிவரும். அது கைக்கு வந்தவரே பேசலாம். ஆகவே மோதல் இல்லை. ஆயினும் வளையம் ஓரிடத்தில் அறுந்தால் சுற்று நின்றுவிடும். அதனால் கம்பிகளை நடுவே ஒரு பெட்டிக்குள் கொணர்ந்து, பழுதான கணினியை அப்பெட்டியே விலக்கிச் செல்லுமாறு செய்தனர். 1990-இல் ஈத்தர்நெட்டும் தொலைபேசிக் கம்பியைப் போன்ற முறுக்குக் கம்பிக்கு மாறி, நடுப்பெட்டியை மேற்கொண்டது. 1878-இன் விண்மீன் மீண்டும் உதித்தது! கம்பிச் செலவு கூடிற்று. நடுப்பெட்டி கெட்டால் அனைத்தும் நிற்கும் என்பதும் மெய்யே. ஆனால் ஒரு கம்பி அறுந்தால் ஒரு கணினியே நிற்கும். பழுது எங்கே என்று ஒரு மணி நேரம் தேடவேண்டியதில்லை.

அப்படியாயின், வலைப்பின்னலாவது முற்றிலும் பாதுகாப்பானதா? 1980 அக்டோபர் 27 அன்று, சிதைந்த நிலைச்செய்தி ஒன்று கணுவுக்குக் கணு பரவி, ஆர்ப்பாநெட் முழுவதையும் சில மணி நேரம் முடக்கிற்று. பல வழிகள் இருந்தமையே நோய் பரவுவதற்கும் வழியாயிற்று. 1986 டிசம்பர் 12 அன்று நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியை மற்றப் பகுதிகளோடு ஏழு இணைப்புகள் சேர்த்தன. வரைபடத்தில் அவை ஏழு. நிலத்தடியிலோ ஏழும் ஒரே கண்ணாடியிழை வடத்தினுள் ஓடின. வடம் அறுந்தது, ஏழும் அற்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் அறியாமலா சொன்னார்கள்?

இஃது அயலார் கதை என்று நாம் இருந்துவிடுவதற்கில்லை. 2008 ஜனவரி 30 அன்று, எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடியில் இரண்டு வடங்கள் அறுந்தன. அவற்றுள் ஒன்று நம் சென்னைக் கரையையும் தொடுவது. அன்று இந்தியாவில் இணையம் தளர்ந்து தடுமாறிற்று.

ஆகவே நண்பர்களே, எந்த வலையமைப்பு சிறந்தது என்று தேர்வுத்தாள் உங்களைக் கேட்கலாம். நீங்கள் திருப்பிக் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. எந்த ஒன்று அறுந்தால் எத்தனை பேர் ஊமையாவர்? அந்தப் பழுதை எவ்வளவு விரைவில் கண்டுபிடிக்கலாம்? இவற்றுக்கு விடை காண வரைபடத்தைப் பார்த்தால் மட்டும் போதாது; கம்பி செல்லும் வழியெல்லாம் நடந்து பார்க்கவேண்டும். அன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில், தரையில் மண்டியிட்டு மேசைக்கடியில் பார்த்த பிறகுதான் அந்த மூடி கண்ணில் பட்டது.