குமரிக் கரையும் பவளவியல் களப்படிப்பும்

மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989இல் அறிவிக்கப்பட்டது. 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது இராமேசுவரத்தில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிப் பவளத் திட்டுகள் வளர்ந்திருக்கின்றன. குமரிக் கரையில் பவளம் உண்டு, திட்டு இல்லை. அதனால் நாஞ்சில் நாட்டு மாணவர் பவள உயிரியலைப் படிக்க எப்போதும் வடகிழக்கே பயணம் போக வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தின் வரலாற்றைப் பார்த்தால், இனி அது எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதும் தெரியும்.

தொடக்கத்தில் பவளவியல் அருங்காட்சியகத்தின் வேலையாகவே இருந்தது. 1885இல் சென்னை அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்ற எட்கர் தர்ஸ்டன் இராமேசுவரம், பாம்பன் கடல்களில் உயிரினங்களைச் சேகரித்து, 1890இல் முத்து, சங்குக் குளிப்போடு சேர்த்துக் கடல்வாழ் உயிர்கள் பற்றியும் நூல் எழுதினார். லாகூரில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் மத்தாய், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திலிருந்த கல்பவளங்களைப் பற்றிய அறிக்கையை 1924இல் வெளியிட்டார். சதையை நீக்கி வெளுக்க வைத்த சுண்ணாம்புக் கூட்டில் ஒவ்வொரு கிண்ணத்தின் அளவையும் அதனுள் நிற்கும் தடுப்புகளின் அமைப்பையும் பார்த்து இனம் பிரிப்பதே அன்றைய முறை. இன்றும் இனம் காண அந்த முறை தேவைப்படுகிறது. அதைப் பழையது என்று ஒதுக்குவது சரியல்ல. ஆனால் உயிரோடிருந்த பவளத்தின் நிறம், அது நின்ற ஆழம், அதன் பக்கத்தில் வளர்ந்தவை எவையும் அந்தக் கூட்டில் இல்லை.

பாம்பனை அடுத்த குருசடைத் தீவு அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது. அத்தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்ட பின், பலனோகிளாசஸ் என்னும் கடற்புழுவைத் தேடி வந்த விலங்கியல் மாணவர்கள் வற்றுநீரில் நடந்தபடியே உயிருள்ள பவளத்தையும் பார்த்தார்கள்.

பெரிய மாற்றம் மண்டபத்தில் நிகழ்ந்தது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இல் மண்டபம் கேம்ப்புக்கு இடம் மாறியது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் தங்க வைக்கப்பட்ட இடம் ஆய்வாளர்களின் இடமானது. அங்கே பணியாற்றிய சி. எஸ். கோபிநாத பிள்ளை, பவளங்களைப் பற்றி எழுதிய ஆய்வேட்டுக்காகக் கேரளப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பாக் விரிகுடாவில் ஒரே திட்டின் எந்தப் பகுதியில் எந்த இனம் வாழ்கிறது என்று அவர் விவரித்த 1969ஆம் ஆண்டுக் கட்டுரையை இத்துறையின் திருப்புமுனை என்பேன். இனத்தின் பெயரோடு அதன் இருப்பிடத்துக்கும் காரணம் கேட்கும் பழக்கம் இங்கே வேர்விட்டது அப்போதுதான். மனோலித் தீவின் பெயரைத் தாங்கிய மாண்டிபோரா பவள இனத்தையும் அவரே விவரித்தார். அதே 1969இல் பவளங்களைப் பற்றிய கருத்தரங்கு மண்டபத்தில் கூடியது.

அடுத்த மாற்றத்தைச் சட்டம் கொண்டுவந்தது. 1986இல் தீவுகள் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. சுண்ணாம்புக்காகப் பவளக் கல்லை வெட்டியெடுத்தவர்களையும், ஆய்வகத்துக்குத் துண்டு உடைத்து வந்த மாணவரையும் அது ஒருசேரத் தடுத்தது. இந்தக் கட்டுப்பாடு படிப்பை மேம்படுத்தியது என்பது என் கருத்து. கையால் எடுக்க முடியாததால் நீருக்குள் மூழ்கித்தான் படித்தாக வேண்டும். அடித்தரையில் நாடா விரித்து, அதன் கீழே வரும் உயிர்ப்பவளம், செத்த பவளம், பாசி, மணல் ஒவ்வொன்றின் நீளத்தையும் பலகையில் குறிப்பது இன்றைய களப்படிப்பின் அடிப்படை. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் இப்படித் தீவு தீவாக அளந்தது. பிள்ளையின் 1986 பட்டியலில் 94ஆக இருந்த இனங்கள் 2007இல் 117ஆயின. கோடையில் நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுக்கிறது. 2010லும் 2016லும் வந்த பெரும் வெளுப்புகளின் சேதத்தை எண்களில் சொல்ல முடிந்ததற்கு இந்தத் தொடர்ந்த அளவீடே காரணம்.

இனி குமரிக் கரை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் தொடங்கப்பட்டது. அதன் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் இராஜாக்கமங்கலத்தில் கடலோரத்திலேயே இருக்கிறது. எதிரே தென்மேற்குப் பருவத்தின் பேரலை, ஆற்று வண்டல், ஆனி முதல் ஆவணி வரை ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த நீர். இந்த மூன்றுக்கும் நடுவே பவளம் பாறையில் ஒட்டி வாழ்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குவிந்து திட்டாக எழ அவை விடுவதில்லை. பழைய திருவிதாங்கூர்க் கரையின் பவளங்களையும் பிள்ளை மற்றோர் ஆய்வாளரோடு சேர்ந்து 1995இல் பட்டியலிட்டிருக்கிறார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முட்டம், குளச்சல், இனயம் கரைகளில் ஆண்டுதோறும் நாடா விரித்து அளக்கும் பாடம் இங்கே வேண்டும்.

இங்கே பாறைக்குப் போட்டி கடுமையானது. பழுப்புச் சிப்பி மொய்க்கும் அதே பரப்பில்தான் பவளமும் காலூன்ற வேண்டும். கடியபட்டணத்திலும் இனயத்திலும் மூழ்கிச் சிப்பி எடுக்கும் மீனவர்களுக்கு எந்தப் பார் (கடலடிப் பாறை) எவ்வளவு ஆழம், எந்த மாதம் நீர் தெளியும், எப்போது குளிர்ந்த நீர் ஏறும் என்பதெல்லாம் அன்றாட அறிவு. மண்டபத்துக்குப் பேருந்து ஏறுமுன் மாணவர் ஒரு பருவம் இவர்களோடு மூழ்க வேண்டும். தம் பாறையில் பவளம் ஏன் திட்டாகவில்லை என்று அளந்து பார்த்தவருக்கு, மனோலியில் அது ஏன் திட்டானது என்று கேட்கத் தெரியும். மையத்தின் ஆய்வகத்திலிருந்து முட்டத்துப் பாறைக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை; வெப்பமானியும் நாடாவும் பலகையும் இருந்தால் அடுத்த தை மாதமே தொடங்கிவிடலாம்.